இஷினோமாக்கி கும்பளா டின்: நாலு டின் சாப்பிட்டுப் பார்த்த பிறகு

டின் மீனைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று யாராவது கேட்டால், கொழும்பில் டின் மீன் இல்லாத தமிழ் வீடு ஒன்றைக் காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். மாதக் கடைசி, மழை விடாத நாள், சொல்லாமல் வந்து நிற்கிற விருந்தாளி, வெள்ளவத்தைச் சந்தையில் மீன் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பின நாள், எல்லாவற்றுக்கும் அலுமாரிக்குள் ஒரு செமன் டின் இருக்கும். நாங்கள் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஜப்பானிலிருந்து ஒரு டின் வந்தால் அது நல்லதா இல்லையா என்று சொல்ல எங்களுக்குத் தெரியும்.

நல்லது. மிக நல்லது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சித்தியின் மகன், எங்கள் தம்பி, ஜப்பானில் சென்டாய் நகரத்தில் படிக்கிறான். சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தபோது நாலு டின் கொண்டுவந்தான். கினோயா என்ற நிறுவனத்தின் ‘கின்கா சபா’. சபா என்றால் நம்ம கும்பளாவின் சொந்தக்கார மீன்தான், ஆனால் குளிர்ந்த கடலில் கொழுத்தது. கின்கா என்பது கின்காசான் என்ற தீவின் பெயரிலிருந்து வந்தது. இஷினோமாக்கி நகரத்தைச் சேர்ந்த ஓஷிக்கா தீபகற்பத்தின் நுனிக்கு எதிரே இருக்கிற சிறு தீவு அது. வடக்கிலிருந்து வரும் ஒயாஷியோ என்ற குளிர் நீரோட்டமும் தெற்கிலிருந்து வரும் குரோஷியோ என்ற வெப்ப நீரோட்டமும் அந்தப் பக்கக் கடலில் சந்திப்பதால் மீனுக்குத் தீனிக்குக் குறைவில்லை. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் வரை பிடிபடுகிற மீனில் கொழுப்பு நன்றாக ஏறியிருக்கும், அதற்குத்தான் இந்தப் பெயரும் மதிப்பும். இரண்டு டின் மிசோவில் சமைத்தது, இரண்டு டின் தண்ணீரில் அவித்தது.

மிசோ டின்னைத்தான் முதலில் திறந்தோம். மூடியில் வளையம் இருக்கிறது, விரலை விட்டு இழுத்தால் போதும், டின் வெட்டி தேட வேண்டியதில்லை. திறந்தவுடன் எங்கள் வீட்டில் எல்லாரும் செய்கிற வேலை மூக்கைக் கிட்டக் கொண்டுபோவதுதான். வழக்கமான அந்த இரும்பு வாடை இல்லை. நொதிக்க வைத்த சோயா அவரைக் களிதான் மிசோ, அதன் வாசனை வந்தது, பழைய புளிக்கும் வறுத்த பருப்புக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பொன்னிறத்தில் ஒரு விரல் நுனி அளவுக்கு எண்ணெய் மிதந்தது. அது ஊற்றிய எண்ணெய் இல்லை, மீனிலிருந்து இறங்கியது. துண்டுகள் பெரியவை, மூன்றோ நாலோதான், நெருக்கி அடுக்கியிருந்தார்கள். தோலில் அந்த நீலப் பச்சை வரி அப்படியே இருந்தது. முள்ளை எடுத்து நாக்கில் வைத்தேன், மாவாகக் கரைந்தது. சதை மட்டும் கரையவில்லை, முள்ளுக்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் அவர்கள் மீனை உறைய வைக்காமல் டின்னில் அடைப்பதுதான். பெரும்பாலான ஆலைகள் உறைந்த மீனை வாங்கி வைத்து, வசதிப்படும்போது இளக்கி டின்னில் போடும். உறைந்து இளகும்போது சதையிலிருக்கிற நீர் வெளியேறிவிடும், பிறகு எவ்வளவு அவித்தாலும் சக்கைதான். கினோயாக்காரர் துறைமுகத்தில் அன்றைக்கு இறங்கிய மீனைப் பச்சையாகவே டின்னில் வைத்து, மூடி, டின்னோடு சேர்த்து அவிக்கிறார்கள். போன வருடம் பக்கத்துக் கடையில் ஒரு டின் வாங்கினோம், பெயர் வேண்டாம், திறந்தால் பாதி தண்ணீர், அடியில் வால் துண்டு மூன்று, உடைந்த தூள் கொஞ்சம். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைத் திறந்ததால்தானோ என்னவோ எனக்கு அந்த முதல் துண்டு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது.

சரி, ருசி. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு “இதென்ன, இனிக்குது” என்றார். உண்மை, மிசோ டின் இனிப்பு. அது அந்த ஊர்ச் சமையலின் இனிப்பு, பழகாத நாக்குக்கு முதலில் இடறும். அம்மா விடாமல் அதில் பாதியை வெங்காயம், றம்பை, கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினார், அது சரிவரவில்லை, மிசோவும் தேங்காய்ப்பாலும் சண்டை பிடிக்கின்றன. மிச்சப் பாதியை நான் எடுத்து, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் மெல்லிசாக அரிந்து மேலே தூவி, அரைத் தேசிக்காய் பிழிந்து, சுடு சோற்றோடு சாப்பிட்டேன். புளிப்பு பட்டவுடன் அந்த இனிப்பு அடங்கி மீனின் கொழுப்பு மட்டும் முன்னுக்கு வந்தது. மிசோ டின்னைச் சமைக்காதீர்கள், தேசிக்காய் மட்டும் பிழியுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பொருத்தம் தண்ணீரில் அவித்த டின்தான். உப்பும் மீனும், வேறொன்றும் முன்னுக்கு வராது. பாணுக்கு நடுவில் வைத்தாலும் சரி, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டாலும் சரி, மறுநாள் கறிமிளகாயும் பெரிய வெங்காயமும் போட்டு டெவல் செய்தபோதும் சரி, துண்டு உடையாமல் நின்றது. டின்னில் மிஞ்சுகிற தண்ணீரைக் கொட்டாதீர்கள், சொதியில் விடுங்கள். அப்படி ஒரு சொதியை நான் குடித்ததில்லை.

இப்போது ஏன் இந்த டின்னை மட்டும் எடுத்து எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை, ஜப்பான் நேரம் பிற்பகல் 2.46. 9.0 அளவு நிலநடுக்கம், அப்புறம் கடல். இஷினோமாக்கி அந்தக் கடலுக்கு நேர் எதிரே, பழைய கித்தகாமி ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருக்கிற மீன்பிடி நகரம். ஓஷிக்கா தீபகற்பம் அன்றைக்கு ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. நிலமே இறங்கிவிட்டதால் சுனாமி போன பிறகும் கடல் பெருக்கு நேரத்தில் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் கடல் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. கினோயாவின் தொழிற்சாலை துறைமுகத்தோடு ஒட்டி இருந்தது. களஞ்சியத்தில் சுமார் 10 லட்சம் டின்கள். எல்லாம் சேற்றில்.

தொழிற்சாலைக்கு முன்னால் சிவப்பு டின் உருவத்தில் ஒரு பெரிய தாங்கி நின்றது, அவர்களுடைய திமிங்கில இறைச்சி டின்னைப் போலவே வர்ணம் பூசியது. அதைச் சுனாமி முந்நூறு மீட்டர் போல உருட்டிக்கொண்டுபோய் நடு வீதியில் படுக்க வைத்துவிட்டது. அடுத்த வருடம் வெட்டி எடுக்கும் வரை வாகனங்கள் அதைச் சுற்றித்தான் போயின. தம்பி அந்தப் படத்தைத் தொலைபேசியில் காட்டினான். 2004 சுனாமிக்குப் பிறகு பேரலியவில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்த ரயில் பெட்டிகளைப் பார்த்த எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

டோக்கியோவில் செத்தகாயா என்ற பகுதியில் கியோடோ என்று ஒரு குடியிருப்பு. அங்கே சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளும் மதுக் கடைகளும் சுனாமிக்கு முன்பே இந்த டின்னை வைத்துப் பண்டங்கள் செய்து விற்றுவந்தன. அந்தக் கடைக்காரர்கள் தொடர்பு கொண்டு கேட்டபோது, டின் இருக்கிறது ஆனால் சேற்றுக்குள் இருக்கிறது என்று பதில். அப்படியானால் தோண்டி அனுப்புங்கள், நாங்கள் கழுவுகிறோம் என்றார்கள். தொழிலாளர்கள் கையால் தோண்டினார்கள். கியோடோவில் கடைக்கு முன்னால் வாளிகளை வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாரும் சேர்ந்து ஒவ்வொன்றாக பிரஷால் தேய்த்துக் கழுவினார்கள். வெளியே சேறு, எண்ணெய், துரு, உள்ளே ஒன்றுமே ஆகவில்லை. மூடியும் உடலும் சேருகிற விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து இறுக்குவதும், மூடிய பிறகு உயர்ந்த சூட்டில் அவிப்பதும் இதற்காகத்தான், காற்றுகூடப் போகாத இடத்துக்குள் கடல் எப்படிப் போகும். மூன்று டின் ஆயிரம் யென். அப்படி விற்றது 2 லட்சத்துக்கும் மேல். நம்பிக்கை டின் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தக் காசும் அந்த ஆதரவும் நிறுவனம் மறுபடி எழுந்து நிற்பதற்கு உதவின. 2013இல் கடலிலிருந்து தள்ளி, உள்பக்கத்தில் மிசாத்தோ என்ற ஊரில் புதிய தொழிற்சாலை கட்டினார்கள்.

தம்பி இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கூட இருந்தார். கண் காட்டுவதற்காக மட்டக்களப்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அவர் நாவலடிக்காரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒரு கீலம் மணல், அதுதான் நாவலடி. ஓட இடமில்லை. தன் மூத்த மகனை, எங்கள் அண்ணாவை, பெரியம்மா அன்றைக்கு இழந்தார். டின்னைக் கையில் வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்த ஊர்ச் சனம் திரும்பி வந்ததா மனே?”

எல்லாரும் டின் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. பிறகு அவன் சொன்னதையும், நான் அதற்குப் பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சுனாமிக்கு முந்தைய வருடக் குடிசன மதிப்பீட்டில் இஷினோமாக்கியில் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர். அன்றைக்கு 3,000க்கு மேல் இறந்தார்கள், 400க்கு மேற்பட்டோரை இன்னும் காணவில்லை, அந்தப் பேரழிவில் வேறெந்த நகரமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. 2020 குடிசன மதிப்பீட்டில் மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடல் எடுத்ததைவிடப் பல மடங்கு பேர் பத்து வருடத்தில் குறைந்திருக்கிறார்கள். பலர் சென்டாய்க்கும் வேறு நகரங்களுக்கும் போனார்கள், ரயிலில் ஒரு மணி நேரம்தான், அங்கே வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது. வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேருகிறார்கள். மீன் ஆலைகளிலும் படகுகளிலும் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று தம்பி சொன்னான்.

மினாமிஹாமா என்று கடலோரக் குடியிருப்பு ஒன்று. சுனாமியும் அதோடு வந்த தீயும் சேர்ந்து அழித்த இடம். அங்கே இப்போது யாரும் வீடு கட்ட முடியாது, நினைவுப் பூங்காவாக ஆக்கிவிட்டார்கள். சுனாமிக்கு அடுத்த மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவர், அடித்துப்போன தன் கடை இருந்த இடத்தில், கிடைத்த பலகைகளை வைத்து ‘கன்பரோ இஷினோமாக்கி’ என்று பெரிதாக எழுதி நிறுத்தினார், தளராதே இஷினோமாக்கி என்று நாங்கள் சொல்லலாம். பக்கத்தில் கதோனோவாக்கி ஆரம்பப் பள்ளியின் எரிந்த கட்டடத்தில் ஒரு பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள், அன்றைக்குப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் பின்னாலுள்ள ஹியோரியாமா குன்றில் ஏறித் தப்பினார்கள். ஆனால் கித்தகாமி ஆற்றங்கரையில் ஓகாவா ஆரம்பப் பள்ளியில் 108 பிள்ளைகளில் 74 பேர் போனார்கள், 10 ஆசிரியர்களும். ஐம்பது நிமிடம் மைதானத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கேயும் பள்ளிக்குப் பின்னால் மலை இருந்தது. பெற்றோர் வழக்குப் போட்டு, 2019இல் நகரத்தின் மீதும் மாகாணத்தின் மீதும் தவறு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டுப் பல்கனியிலிருந்து தண்டவாளமும் அதற்கு அங்காலே கடலும் தெரியும்.

திரும்பி வந்து அவர் பேசியது திராய்மடுவைப் பற்றி. நாவலடிச் சனத்துக்கு அங்கேதான் வீடு கொடுத்தார்கள். வீடு நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன், ஆனால் இரவில் கடல் சத்தம் இல்லை, முதல் வருடம் முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை என்றார். தொழிலுக்குப் போகிற ஆண்கள் விடியப்புறம் சைக்கிளில் அவ்வளவு தூரம் போய்த்தான் தோணியில் ஏறினார்கள், கொஞ்ச நாளில் பலர் மேசன் வேலைக்கும் கூலிக்கும் மாறினார்கள் என்றார். மினாமிஹாமாக்காரரையும் இப்படித்தான் உள்பக்கத்துப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள் என்று தம்பி சொன்னபோது, “அப்ப எங்களப் போலதான்” என்றார் பெரியம்மா.

இன்னும் இரண்டு விஷயம் தேடும்போது அகப்பட்டது, எழுதாமல் விட மனமில்லை. 2011 மே மாதம் இலங்கையிலிருந்து 15 பேர் கொண்ட ஒரு குழு ஜப்பானுக்குப் போய் உதவி வேலை செய்தது, அவர்கள் போன இடம் இந்த இஷினோமாக்கிதான். அப்புறம், நிலநடுக்கத்தால் அடிபட்ட பகுதி ஆலைகளின் டின் மீனை ஜப்பான் அரசு வாங்கி, உலக உணவுத் திட்டம் வழியாக வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியது, அதில் எங்கள் வடக்குப் பள்ளிகளும் இருந்தன. கிளிநொச்சியில் படிப்பிக்கிற என் கூட்டாளியிடம் கேட்டேன். ஜப்பான் டின் மீன் வந்த நாளில் பிள்ளைகள் சோற்றை மிச்சம் வைக்க மாட்டார்கள் என்று உடனே சொன்னாள். அது எந்த ஊரில் செய்தது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ‘ஐயோ பாவம்’ என்று இந்த டின்னை வாங்காதீர்கள். சேறு படிந்த டின்னைப் பரிதாபத்துக்கு வாங்குகிற காலம் ஒன்று இருந்தது, அது அப்போது தேவையாகவும் இருந்தது. ஆனால் பரிதாபத்துக்கு ஒரு டின்தான் வாங்குவோம், ருசி பிடித்தால்தான் பத்தாவது டின் வாங்குவோம். அந்த ஊரில் ஒரு இளைஞன் சென்டாய்க்குப் போகாமல் மீன் வேலைக்கே நிற்க வேண்டுமென்றால் பத்தாவது டின் விற்க வேண்டும். எங்கள் கிழக்கில் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ உதவித் தொழில்கள் தொடங்கின, கருவாடு, ஊறுகாய், பனையோலைப் பெட்டி என்று, முதல் வருடம் வாங்க வந்தவர்கள் மூன்றாம் வருடம் வரவில்லை, பெரியம்மாவே ஒரு கருவாட்டுச் சங்கத்தில் இருந்து அது மூடப்பட்டதைப் பார்த்தவர். அதனால்தான் நான் கதையைக் கடைசியில் வைத்து ருசியை முதலில் சொன்னேன்.

விலைக்கு வருவோம். ஜப்பானில் ஒரு டின் ஐந்நூறு யென்னுக்குள் முடிந்தது என்றான் தம்பி, எங்கள் காசுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் வரும். டின் சிறியது, உள்ளூர் 425 கிராம் டின்னில் பாதிகூட வராது. நாலு பேர் வீட்டுக்கு ஒரு நேரக் கறிக்கு இது காணாது, தினம் வாங்குகிற சாமான் இல்லை. கடந்த சில வருடங்களாக அந்தக் கடலில் சபா பிடிபடுவதும் குறைந்திருக்கிறதாம், விலை இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கொழும்பில் ஜப்பான் சாமான் விற்கிற இரண்டு இடங்களில் விசாரித்தேன், சபா டின் இருக்கிறது, இந்த ஊர் டின் இல்லை. ஆகவே யாராவது வருகிறவர்களிடம்தான் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் நடுவில், துணிகளுக்குள் வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த ஒரு டின் விளிம்பில் நசுங்கியிருந்தது, அதை முதலில் திறந்து சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்களைப் பார்த்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், விளிம்பு மோசமாக நசுங்கியிருந்தாலோ, கசிந்தாலோ, உப்பியிருந்தாலோ எந்த டின்னாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

நாலாவது டின்னைப் பெரியம்மா ஊருக்குப் போகிற நாள் காலையில் திறந்தோம், தண்ணீரில் அவித்தது, இடியப்பத்துக்கு. அவர் ஒரு துண்டை எடுத்து, தோலை உரிக்காமல், முள்ளோடு மென்று, இது குளிர்காலத்து மீன்தான், வயிற்றுச் சதை சொல்லுது என்றார். நாற்பது வருடம் மீன் வெட்டிய கை. தம்பி அடுத்த விடுமுறைக்கு வரும்போது மிசோ இரண்டும் தண்ணீர் டின் ஆறும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதில் மூன்று திராய்மடுவுக்கு.